வானத்தில் அவர், வெறும் வயிற்றில் நான்

விமான விபத்து அறிக்கைகளைக் காலைக் காபியோடு படிக்கிற பெண்கள் ஆக்லாந்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி படித்தேன், பல வருடம் படித்தேன். பெரிய விமானங்களைப் பற்றியவை அல்ல. அவை பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலேயே நாள் முழுக்க இறங்கிக்கொண்டிருக்கின்றன. நான் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் படித்தது இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானங்களைப் பற்றி. புல்வெளி, ஆற்றுமணல், கடற்கரை, மலைச்சரிவில் ஆடு மேயும் இடம் என்று எங்கே வேண்டுமானாலும் இறங்கி ஏறுகிற ஜாதி அது. இங்கே புஷ் பிளேன் என்பார்கள். முன்னால் இரண்டு குண்டுச் சக்கரம், வாலடியில் ஒரு சின்னச் சக்கரம், உடம்பு முழுக்கத் துணி. ஆமாம், துணிதான். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, மேலே துணியை இழுத்துக் கட்டி வர்ணம் அடித்திருக்கிறார்கள். முதல்முறை அதை விரலால் தட்டிப் பார்த்தபோது முறத்தைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது.

அதில்தான் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பறந்தார்.

அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. திருநெல்வேலிக்காரர், கம்ப்யூட்டர் வேலை, காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேமரா இருந்தும் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பார்க்கிறவர். மகள் வெலிங்டனுக்குப் படிக்கப் போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "நான் பிளேன் ஓட்டக் கத்துக்கப் போறேன்" என்றார்.

"ஐம்பது வயசுல எல்லாரும் சுகர் டெஸ்ட் எடுப்பாங்க. நீங்க பிளேன் எடுக்கிறீங்களா?" என்றேன்.

"இனிமே எப்ப எடுக்கிறது?" என்று சிரித்தார். அவ்வளவுதான். அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்கிற மனுஷர் இல்லை. கேட்டதே அபூர்வம் என்பதால் நான் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. படித்தார், பரீட்சை எழுதினார், லைசென்ஸ் வாங்கினார், பிறகு மூன்று பேரோடு கூட்டுச் சேர்ந்து அந்தத் துணி விமானத்தில் நாலில் ஒரு பங்குக்காரரானார்.

நான் அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன். என் தொழில் அப்படி. பாட்டனி டவுன்ஸில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. ஒரு குழாயில் பெயர்ச்சீட்டு மாறி ஒட்டிவிட்டால்கூட எங்களுக்குப் படிவம் உண்டு: என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன வழி. விமான அறிக்கைகளும் அதே மாதிரிதான் இருந்தன. அதனால் எனக்குச் சுலபமாகப் புரிந்தது, புரிந்ததால் தூக்கம் கெட்டது.

காரணங்கள் எல்லாம் அற்பமாக இருந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மலை இடிந்து விழுந்தது, இறக்கை முறிந்தது என்றால்கூட விதி என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கேயோ, இரவு பனியில் பெட்ரோல் டாங்கிக்குள் சொட்டுத் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. காலையில் அடியில் ஒரு திருகைத் திறந்து கொஞ்சம் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. எதிர்க்காற்று கூடுதலாக இருந்ததால் கணக்குப் போட்ட பெட்ரோல் வீடு வரைக்கும் வரவில்லை. பின் இருக்கைக்குப் பின்னால் வேட்டையாடின மான் கறியை ஒரு மூட்டை அதிகமாக ஏற்றி, வால் கனத்து, மூக்கு தூக்கி விழுந்தது. எஞ்சினின் தொண்டையில் பனி கட்டுமாம், அதுவும் உறைகிற குளிரில் இல்லை. நம் ஆக்லாந்து மாதிரி ஈரக் காற்றுள்ள இதமான நாளில். சூடான காற்றை உள்ளே விட ஒரு கைப்பிடி இருக்கிறது, அதை நேரத்தோடு இழுக்கவில்லை. பள்ளத்தாக்கின் குறுக்கே பண்ணைக்காரர் கட்டின கம்பி கண்ணில் படவில்லை. வாலில் சக்கரம் வைத்த விமானம் என்பதால் இறங்கி ஓடும்போது பக்கக் காற்றில் வால் சுழற்றி அடித்தது. இந்தக் கடைசி வகையில் பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்கிறார், மானம்தான் போகிறது.

எனக்கு ஆறவே ஆறாத ஒரு வகை உண்டு. கீழே சிநேகிதர்கள் நின்று கை அசைக்கிறார்கள். மேலே இருப்பவர் குனிந்து பார்த்துக்கொண்டே தாழ்வாக, மெதுவாக ஒரு வட்டம் போடுகிறார். வேகம் போதாமல் இறக்கை காற்றை விட்டுவிடுகிறது. கை அசைத்தவர்கள் கண்ணெதிரிலேயே முடிந்துவிடுகிறது. அதைப் படித்த அன்று, "நான் கீழே நின்னா என்னைப் பார்க்கவே கூடாது, சொல்லிட்டேன்" என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன்.

"உன்னைப் பார்க்கக் கூடாதுன்னு நீயே சத்தியம் வாங்குறியா? இதை எழுதி வச்சுக்கிறேன்" என்றார்.

ஆனால் திரும்பத் திரும்ப வந்தது மேகம்தான். கண்ணால் பார்த்துப் பறக்க மட்டுமே தெரிந்தவர், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தாழ்ந்த மேகத்துக்கு அடியில் போகிறார். பள்ளத்தாக்கு குறுகி, மேகமும் மரமும் சேர்ந்துவிடுகின்றன. டைப்ரைட்டரில் அடித்து ஸ்கேன் செய்த பழைய அறிக்கைகளையும் தேடிப் படித்தேன். அதிலும் இதே கதைதான். திரும்பியிருக்கலாமே, திரும்பியிருக்கலாமே என்று ஒவ்வொன்றிலும் நான் திரையைப் பார்த்துக் கத்துவேன். ஏன் திரும்பவில்லை என்பதை மட்டும் அந்த அறிக்கைகள் சரியாகச் சொல்வதில்லை. கேட்பதற்கு ஆள் இருப்பதில்லை.

இதில் என் விரதம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அவர் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று நான் விமானத்தளத்து வேலியோரம் நின்றிருந்தேன். காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. முருகா, இவர் மண்ணில் கால் வைக்கிற வரைக்கும் என் வாயில் பச்சைத் தண்ணீர் படாது என்று மனதுக்குள் சொன்னேன். அவர் பத்திரமாக இறங்கினார். பல் தெரியச் சிரித்துக்கொண்டு நடந்து வந்தார். காரில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அடுத்த முறையும் அப்படியே செய்தேன், அடுத்த முறையும். பிறகு எப்படி விடுவது? விட்ட அன்றைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

விரதம் இருந்தது கூடத் தப்பில்லை. அதை அவரிடம் சொல்லிக் காட்டினேன் பாருங்கள், அதுதான் என் புத்தி. "நீங்க பாட்டுக்கு மேல ஜாலியா இருங்க, நான் இங்க பட்டினி" என்பேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு மெசேஜ்: இன்னும் சாப்பிடல. ஒரு மணிக்கு இன்னொன்று: சாதம் ஆறிப் போச்சு. நம் ஊரில் எந்தப் பெண்டாட்டி இதைச் செய்யவில்லை? அன்பு என்றுதான் செய்தேன். அதில் கொஞ்சம் அதிகாரமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் வருடம் எனக்குச் சுகர் வந்தது. மாத்திரை போட்டால் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். எனக்குத் தெரியாததா? தினம் முப்பது பேரின் கையைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மணி நேரமாகச் சாப்பிடவில்லை, மயக்கம் வருகிறதா, பிஸ்கட் தரட்டுமா என்று கேட்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அதே நான் மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு துணி துவைக்கப் போவேன். ஒரு நாள் கை நடுங்கி, வேர்த்து, வாஷிங் மெஷின் பக்கத்திலேயே சரிந்துவிட்டேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா பார்த்து, சீனித் தண்ணீர் கரைத்து வாயில் ஊற்றினார்.

"உமக்கென்ன விசரே? மனுசன் ஆகாயத்தில சுகமா இருக்கிறார், நீர் நிலத்தில விழுந்து கிடக்கிறீர்" என்று திட்டினார். "இவரிட்ட நான் கதைக்கிறன், இரும்."

அக்கா கதைத்தும் விட்டார். வீட்டுக்காரர் அன்று மாலை என் எதிரில் உட்கார்ந்து, "இனிமே சாப்பிட்டுடும்மா, ப்ளீஸ்" என்றார். அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டார். எதையும் இரண்டாம் முறை கேட்காதவர் மூன்று முறை கேட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "சாமி விஷயத்துல தலையிடாதீங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். என்ன திமிர் எனக்கு!

போன வருடம் வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை நல்ல மழை. யாரும் பறக்க முடியாது. அவர்கள் கிளப்பில் விமான ஓட்டிகள் எல்லாரும் கூடிப் பேசுகிறார்கள், நீயும் வா என்றார். "உனக்குத்தான் ரிப்போர்ட் எல்லாம் அத்துப்படியாச்சே" என்று கிண்டல் வேறு. நான் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு போனேன்.

தகரக் கொட்டகை ஓரத்தில் ஒரு அறை. இருபது பேர் இருப்பார்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்த அம்மாள்தான் நடத்தினார்; எழுபது வயதிருக்கும், கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸும். விதி ஒன்றுதான்: ஒவ்வொருவரும் தான் தப்பித்த கதையைச் சொல்ல வேண்டும், யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் திட்டக் கூடாது. ஒருவர் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் எது பழுதானது என்று கேட்கவில்லை. அன்றைக்கு உனக்காக யார் காத்திருந்தார்கள் என்று கேட்டார். ஒரு பண்ணைக்காரர், கன்று போடுகிற பசு என்றார். ஒருவர், திங்கட்கிழமை ஆபீஸ் என்றார். ஒரு பெண், மகனின் பிறந்தநாள் கேக்கை வெட்டாமல் வைத்திருந்தார்கள் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அத்தனை வருடம் திரையைப் பார்த்துக் கத்தின கேள்விக்கு இங்கே உயிரோடு இருப்பவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் என் வீட்டுக்காரர் எழுந்தார். அவர் எனக்குத் தப்பித்த கதை எதுவுமே சொன்னதில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததும் இல்லை.

போன குளிர்காலத்தில் ஆக்லாந்துக்குக் கிழக்கே இருக்கிற கோரமண்டலில் ஒரு புல்தளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். குடாவைத் தாண்டியாயிற்று. எதிரே ஹுனுவா மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. கடற்கரையோடு வடக்கே சுற்றி வந்தால் பாதுகாப்பு, ஆனால் நேரமாகும். கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றரை. என் மனைவி நான் இறங்குகிற வரை சாப்பிட மாட்டாள். எனக்காகச் சாமிக்கு விரதம். அவளுக்குச் சுகர் இருக்கிறது, ஏழு மணிக்கே மாத்திரை போட்டிருப்பாள், ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கிறாள். ஒரு மேடு தாண்டினால் வீடு. அதனால் மேகத்துக்கு அடியில் போனேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பள்ளத்தாக்குக்குள் போனதும் மழை கண்ணாடியை மறைத்தது என்றார். பக்கத்து ஜன்னலில் மரங்களைப் பார்த்தேன், எனக்குக் கீழே இல்லை, எனக்குச் சமமாக. திரும்ப இடம் இருக்கிறதா என்று தெரியாமலே திருப்பினேன். கையில் பிடித்திருந்த, விமானத்தைத் திருப்புகிற கம்பி நடுங்கியது. இறக்கை காற்றை விடப்போகிறது என்று தெரிந்தது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன், தாழ்த்தவும் இடம் இல்லை. எப்படி வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மாள் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தேவையிருக்கவில்லை.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அவர் வீட்டுக்குள் வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் தட்டைப் போட்டுக்கொண்டே, "இவ்வளவு லேட்டா வர்றீங்க, பசியில உயிர் போகுது" என்று கத்தினேன். அவர் வந்து உட்கார்ந்தார். முதல் வாயை நான் எடுக்கிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் சாப்பிட்டார். என்ன அப்படிப் பார்க்கிறீங்க என்றுகூடக் கேட்டேன். ஒண்ணுமில்லை என்றார்.

திரும்பி வருகிற வழியில் காரில் நான்தான் வெடித்தேன். "இருபது பேர் முன்னாடி இங்கிலீஷ்ல சொல்லத் தெரியுது, வீட்டுல எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. சாப்பிடு, சாப்பிடுன்னு மூணு தடவை சொன்னேன்."

"ஏன்னு சொல்லலையே!"

"சொல்லியிருந்தா பறக்காதீங்கன்னு சொல்லியிருப்ப." வைப்பரை இன்னும் வேகமாக்கினார். "இப்பவும் சொல்லு, நிறுத்திடுறேன். வருத்தமில்ல."

வருத்தமில்லையாம். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடை வாசலில் காரை நிறுத்தச் சொல்லி, அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் உயிரைக் காப்பாற்ற நான் கிடந்த பட்டினி அவரை மரத்துக்கு நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. நிறுத்துங்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் தனக்கென்று இந்த ஒன்றைத்தான் அவர் கேட்டிருக்கிறார். "நீங்க பறங்க. நான் சாப்பிடுறேன்" என்றேன். அவர் கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை, கார் துடைக்கிற துணியை நீட்டினார். அந்த அழுகையிலும் எனக்கு எரிச்சல் வந்தது.

சொல்லிவிட்டேனே தவிர, அது லேசில்லை. மழையும் காற்றுமாக நாலு வாரம் அவர் பறக்கவில்லை. ஐந்தாவது ஞாயிறு கிரேட் பாரியர் தீவுக்குப் போனார். போகும்போதே, "சாப்பிடணும்" என்றார். "ஆகட்டும், போங்க" என்றேன். காலையில் இரண்டு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் மேலே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே எப்படி மெல்லுவது? போய் இறங்கிட்டேன் என்று மெசேஜ் வந்தது. சரி, திரும்பி வரட்டும், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று மனது பேரம் பேசியது. இட்லியை மூடி வைத்தேன். மாத்திரையையும் போடவில்லை, அந்தளவுக்குப் புத்தி வந்திருந்தது. மத்தியானம் சாதம் வடித்து, வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, தட்டில் எல்லாம் போட்டு, தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே கிழக்கே வானம் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்தில் இருந்தது.

ஒன்றேகாலுக்குப் போன் வந்தது. தீவிலிருந்துதான், ஹெட்செட்டில் பேசுகிறார், பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"மேகம் இறங்கிட்டே வருதும்மா. ஆனா நடுவுல ஒரு இடைவெளி தெரியுது. இப்ப கிளம்பினா வந்துடலாம்னு பார்க்கிறேன்." அப்புறம் கேட்டார், "சாப்பிட்டியா?"

"ம். ஆச்சு" என்றேன்.

எஞ்சின் மட்டும் ஓடியது.

"இல்ல, நீ சாப்பிடல" என்றார். "உன் குரல் எனக்குத் தெரியாதா? சரி, நான் கிளம்புறேன். அரை மணி நேரத்துல—"

"ஐயோ, இருங்க! வச்சிடாதீங்க!" என்று கத்தினேன். போனைத் தட்டோரம் சாய்த்து வைத்தேன். அப்பளத்தை எடுத்து வாய்க்குள் திணித்து, அவருக்குக் கேட்கும்படி நொறுக்கினேன். குழம்பைப் பிசைந்து ஒரு வாய் போட்டேன். முருகா, கோபித்துக்கொள்ளாதே என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். இன்னொரு வாய் போட்டேன்.

"கேக்குதா?" என்றேன் வாய் நிறையச் சோற்றோடு. "சாப்பிடுறேன். பாருங்க, சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன். நீங்க வராதீங்க. நாளைக்கு லீவு சொல்லிக்கலாம், வராதீங்க."

வீட்டை விட்டுப் போன மனுஷரிடம் வராதீங்க என்று அதற்கு முன் நான் சொன்னதே இல்லை. சொல்லிவிட்டு அழுதுகொண்டே அடுத்த அப்பளத்தைக் கடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனை வாய் ஆயிற்றோ, எண்ணவில்லை. அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மெல்லத் தணிந்தது, இரண்டு தடவை இருமியது, நின்றது.

"அணைச்சுட்டேன்மா" என்றார். "நீ மெதுவா சாப்பிடு."